பொன்னாச்சியின் பேரர்கள்

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த என் தங்கையின் மகன், குடும்ப மரம் ஒன்று வரையப்போவதாகச் சொன்னான். அங்கு அவனோடு வேலை செய்யும் கறுப்பின நண்பர் ஒருவர் தன் முன்னோரைத் தேடுகிறாராம். விடுதலைக்குப் பின் வந்த 1870ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கு வரை பெயர்கள் கிடைத்தன. அதற்கு முந்திய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எசமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே. அநேகமாக ஒருவருக்கும் பெயரில்லை.

"நமக்கு அந்தக் கவலை இல்லையே மாமா, நாம அரபு வழிதானே?"

நானும் மேடைகளில் அப்படிப் பேசியவன்தான். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். பிரதிநிதித்துவம் பறிபோகும் என்ற அச்சத்துக்கு நியாயம் இருந்தது; அஸீஸின் கோபத்தை நான் குறைத்து எண்ணவில்லை. ஆனால் அந்த வாதத்தைச் சுமந்து வந்த நாங்கள், கப்பலில் வந்த வாப்பாவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். கரையில் இருந்த உம்மாவை விட்டுவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் கரையோர ஊர்களில் குடி என்பது உம்மா வழி. பள்ளிவாசல் மரைக்கார்மாரும் குடிக்குக் குடிதான் தெரிவானார்கள். வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே குடியேறுவார். அக்கரைப்பற்றில் எங்கள் உம்மா பொன்னாச்சி குடி. அந்தப் பெயரில் எங்கே அரபு?

பிறப்புச் சான்றிதழில் பாட்டனாருக்கு ஒரு கட்டம் இருந்தது, பாட்டிக்கு இல்லை. ஆனால் தங்கையின் பெட்டகத்தில் சீதன உறுதிகள் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் எத்தனையோ வீட்டு உறுதிகளைக் கடல் கொண்டுபோனது, அவளுடையவை தப்பின. உம்மா தங்கைக்கு, மூத்தம்மா உம்மாவுக்கு, மூத்தம்மாவின் உம்மா மூத்தம்மாவுக்கு. வளவு கைமாறிய வழியெல்லாம் பெண்கள்.

பிள்ளையைத் தகப்பன் பெயரால் அழைக்கும்படி மார்க்கம் சொல்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொல்கிறதுதான். வளர்ப்புப் பிள்ளைக்குப் பொய்த் தகப்பன் சூட்டப்படக் கூடாது என்பதற்காக வந்த கட்டளை அது. தாயை மறக்கச் சொல்லவில்லை. எசமான் அடிமையின் பெயரை எழுதாமல் விட்டது ஆணவத்தால். நான் பொன்னாச்சியைச் சொல்லாமல் விட்டது வெட்கத்தால். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். முழுதாக நம்ப முடியவில்லை.

மருமகன் பென்சிலை எடுத்து, தாளின் மேலே 'பொன்னாச்சி' என்று எழுதினான். பிறகு, "அவவின்ட வாப்பா ஆரு மாமா?" என்றான்.