ஈரத்தில் நின்ற வண்டி

எங்கள் பக்கத்தில் பிரேக் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். தென்மேற்கு மழை நுவரெலியா முகட்டில் கொட்டியது போக மிச்சத்தைத் தூறலாக இந்தப் பக்கம் சிந்தும். அது ஓய்ந்து நன்றாக வெயில் காண்பதற்குள் வடகிழக்கு மழை நேராகவே வந்து அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் பனிமூட்டம். இலங்கையின் ஏழு தேயிலை வட்டாரங்களில் உடப்புசல்லாவைக்குத் தனி இடம் வாங்கித் தந்தது இந்தக் காற்றும் ஈரமும்தான். கொழுந்துக்கு நல்லது, இரும்புக்கு ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் வண்டியில் மழை படாது. ஈரம் படும்.

எங்களுடையது 80களின் முற்பகுதி நிசான் சன்னி. ஸ்ரீ நம்பர். முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். மழை மாதங்களில் அதை அதிகம் எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ராகலைக்குப் போய்த் திரும்பியபோது இடது முன் சில்லிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி இடப்பக்கமே ஒதுங்கியது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். வலது சில்லு சுற்றியது. இடது அசையவில்லை.

*

"வித்துட்டு வேற ஒன்னு பாருங்க சேர்" என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி வழிவிட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் நாற்பது வயது வண்டிகூட விலை ஏறியது. வழி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலையைப் பத்திரிகையில் வாசிக்கலாம், அவ்வளவுதான்.

2022 நினைவிருக்கிறது. பெட்ரோல் இல்லாமல் நாடே நின்றது. பிறகு கியூஆர் அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீட்டர் என்றார்கள். எல்லாரும் பேசியது வரிசையைப் பற்றித்தான். வாசலில் அசையாமல் நின்ற வண்டிகளுக்குள் என்ன நடந்தது என்று சில்லைக் கழற்றியவனுக்குத்தான் தெரியும்.

தோட்டத்தில் ஒருகாலத்தில் கார் என்றால் தொரையுடையதுதான். சத்தம் கேட்டதும் எங்கள் தாத்தாமார் பாதையோரம் இறங்கி நின்றார்கள். இன்று லயத்து வாசலில் த்ரீவீல் நிற்கிறது, சில இடங்களில் காரும் நிற்கிறது. ஆனால் வண்டிக்கென்று ஒரு கூரையை யாரும் கணக்கில் வைத்து லயம் கட்டவில்லை. அதனால் வாசலில் நின்றே துருப்பிடிக்கிறது.

*

சில்லு இறுகினால் உடனே கலிப்பர்மேல் பழி போடுவது வழக்கம். அதற்கு முன்னால் ஹோஸைப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். காலின் பலத்தில் ஒயில் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு அந்தப் பலம் இல்லை. நிப்பிளைக் கொஞ்சம் இளக்கினால் விஷயம் தெரிந்துவிடும்: ஒயில் பீய்ச்சி அடித்துச் சில்லு விடுபட்டால் கோளாறு ஹோஸில், அல்லது அதற்கும் மேலே மாஸ்டர் பம்பில். நான் இளக்கியபோது ஒயில் சும்மா சொட்டியது. சில்லு பிடித்தது பிடித்தபடி. கலிப்பர் நகர்கிற இரண்டு பின்களும் கையால் தள்ளவே வழுக்கின. ஆக, பிஸ்டன்.

பிஸ்டனைக் கழற்ற வண்டியின் பெடலைவிட நல்ல ஆயுதம் கிடையாது. பேட் இரண்டையும் எடுத்துவிட்டு, ஹோஸைக் கழற்றாமல், பிஸ்டன் வந்து முட்டுவதற்கு ஒரு மரத்துண்டைக் குறுக்கே கொடுத்து, மெல்ல மெல்ல மிதிக்க வேண்டும். காற்று அடித்துக் கழற்றுகிறவர்கள் உண்டு. அது வரும் வேகத்தில் நடுவில் விரல் இருந்தால் விரல் மிஞ்சாது. வீட்டில் செய்கிறவனுக்கு அந்த அவசரம் எதற்கு?

வழியும் ஒயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பெயின்ட்டை உரித்துவிடும்.

*

பிஸ்டன் வெளியே வந்ததும் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்க முக்கால் பாகம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. வெளி விளிம்பை ஒட்டி மட்டும் ஒரு பட்டை. குரோம் பொரிந்து, அதன் கீழிருந்து செந்துரு எழும்பியிருந்தது. நகத்தை ஓட்டினால் நகம் தடுக்கியது. டஸ்ட் கவரின் கிழிசலைத் தேடிப் பார்த்தேன். ஒரு பச்சரிசி நீளம் இருக்கும். அதன் வழியாக நுழைந்த ஈரம் ரப்பர் மடிப்புக்குள் தங்கி, அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

ரப்பர் சீல் படுகிற இடத்தில் நகம் தடுக்கினால் அந்த பிஸ்டனை எறிந்துவிட வேண்டும். எமரிப் பேப்பர் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுகிறார்கள். குரோம் போன பிறகு வெறும் இரும்புதான், அடுத்த மழைக்குத் தாங்காது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காதது குறைவு. தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டால் பஸ்ஸில் கொண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார். "ஜப்பான் வேணுமா, தாய்வான் வேணுமா?" என்பது அங்கே முதல் கேள்வி. ரப்பர் விஷயத்தில் மலிவு பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

*

இந்த வேலையில் முக்கியமான இடம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

பின் சில்லின் வீல் பம்பில் ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து ஓடும். அதனால் அங்கே சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கலிப்பரில் கதை வேறு. சுவரில் வெட்டிய ஒரு பள்ளத்துக்குள் சதுர வெட்டு ரப்பர் வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இருந்த இடத்திலேயே இருக்கும், பிஸ்டன்தான் அதன் நடுவே போய் வரும். ஆகவே சுவரில் கொஞ்சம் துருக்கறை இருந்தால் பரவாயில்லை. பள்ளத்தில் இருக்கக் கூடாது.

பழைய சீலைக் கிளப்பி எடுத்துப் பார்த்தால், பள்ளத்தின் அடியில் கேத்தலின் அடியில் படியும் உப்பைப் போல வெளிறிய ஒரு படிவு. ஈரமும் துருவும் பழைய ஒயிலும் சேர்ந்து இறுகியது. அது வளையத்தைக் கீழிருந்து உயர்த்திப் பிஸ்டனோடு நெருக்கிவிடுகிறது. புது ரப்பர் கிட் போட்ட கொஞ்ச நாளில் மறுபடி பிரேக் பிடித்துக்கொண்டால் கிட்டைத் திட்டுவார்கள். பள்ளத்தைச் சுரண்டாமல் எந்த நாட்டு ரப்பர் போட்டாலும் அதேதான்.

ஸ்க்ரூ டிரைவர் முனையை உள்ளே விட்டால் பள்ளத்தின் விளிம்பு கீறிவிடும். நான் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டேன். சுரண்டுவது, துணியில் துடைப்பது, ஈர்க்கு மழுங்கினால் மறுபடி வெட்டுவது. மூலைகள் இரண்டும் கூர்மையாகத் தெரியும்வரை. வேறொன்றும் நினைக்கத் தேவையில்லாத வேலை இது. வாசலில் உட்கார்ந்து இதைச் செய்கிறபோது மலைக்கு மேலே பனி வருவதும் போவதும் தெரிகிறது, யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல முடிகிறது, கை பாட்டுக்கு வேலை செய்கிறது. சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தபோதுதான் நேரம் தெரிந்தது.

*

டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் கிடையாது. ரொம்ப நாள் இது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போக, அதைப் பற்றியிருக்கும் ரப்பர் வளையமும் கொஞ்சம் சாய்ந்து வளையும். காலை எடுத்ததும் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு வரும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரம். பேட் டிஸ்க்கை உரசாமல் விலகுவதற்கு அது போதும். பேட் தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி முன்னே வந்து புது இடத்தில் நிற்கும். சரிசெய்ய யாரும் வேண்டியதில்லை. பிஸ்டனில் துரு ஏறினால், ரப்பரின் இந்தச் சின்ன பலம் முதலில் தோற்கிறது. மிதிக்கிற காலுக்கு ஒன்றும் தெரியாது. கால் எப்போதும் ஜெயித்துவிடும்.

பர்மிங்காமில் லாஞ்செஸ்டர் என்பவர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்தார். செம்பு பேட் வைத்துப் பார்த்தார், கிறீச்சிட்டு ஊரைக் கூட்டியது. அரை நூற்றாண்டு கழித்து 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தத் தோட்டங்களில் தொரைமார் ஓட்டிய ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் ட்ரம் வண்டிகள்.

*

1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குப் போட்ட இரண்டரை அடி அகல ரயில் பாதை பிறகு கந்தப்பளை வழியாக ராகலை வரை வந்தது. 1940களோடு அது போய்விட்டது. தேயிலைப் பெட்டியும் உரமும் அரிசியும் லொறிக்கு வந்தன. எங்கள் பக்கத்து வீட்டு மாமா தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரேக்கைப் பற்றி அவரிடம் கேட்டால் கியரைப் பற்றித்தான் பேசுவார்: இறக்கத்தில் வண்டியைப் பிடிக்க வேண்டியது கியர்தான் என்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் தெரிகிறது. ஒரு டன் எடையுள்ள கார் 300 மீட்டர் உயரம் இறங்கினால், அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமானால், எட்டு லீட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே கொதிநிலை 140க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்குமே தவிர பேட்டைத் தள்ளாது. மூடி திறந்த ஒயில் டின்னை அலுமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றுகிற பழக்கம் இந்த ஊரில் வேண்டாம்.

நானுஓயா ரதெல்லை குறுக்குப் பாதையில் 2023 ஜனவரி 20ஆம் திகதி மாணவர்களோடு வந்த பஸ் மோதி ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் எதிரே வந்த வேனிலும் த்ரீவீலிலும் இருந்தவர்கள். மலைப்பாதையில் ஒருவனுடைய பிரேக் அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. அந்தப் பாதையில் இறங்கும்போதெல்லாம் இரண்டாம் கியரைத் தேடி என் கை தானாகப் போகிறது.

*

புது பிஸ்டனையும் புது வளையத்தையும் புது பிரேக் ஒயிலில் தோய்த்து, கையாலேயே நேராக அமுக்கினேன். கோணலாகப் போனால் பிஸ்டன் நின்றுவிடும், தட்டி இறக்கக் கூடாது. வெளியே எடுத்து மறுபடி வைக்க வேண்டும். சரியாகப் போகும்போது கட்டைவிரலுக்கு ஒரே சீரான இறுக்கம் தெரியும். பின்களுக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது, ரப்பர் ஊதிவிடும். அதற்கென்று வரும் சிலிக்கன் கிரீஸ்தான்.

எயார் எடுக்க மகனைப் பெடலில் உட்கார வைத்தேன்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்ப்பா."

"அப்படியே புடிச்சிக்க. நான் சொல்ற வரைக்கும் விடாத."

நிப்பிளைத் திறந்தேன். குழாய் வழியே போத்தலுக்குள் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வந்தது, நடுநடுவே குமிழி. மூடினேன்.

"இப்ப விடு."

"ஏன்ப்பா, மூடின பொறகுதான் விடணுமா?"

"தொறந்திருக்கிறப்ப விட்டா காத்த உள்ள இழுத்துக்கும்."

அதற்குப் பிறகு அவனே "மிதிச்சிட்டேன், தொறங்க" என்று எனக்குக் கட்டளையிட ஆரம்பித்தான். குமிழி நின்று நிறம் தெளியும்வரை, மேலே டப்பாவில் ஒயில் குறையாமல் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

மாமா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எடது சரி, தம்பி. வலது?"

கிட்டில் இரண்டு பக்கத்துக்கும் ரப்பர் வந்திருக்கிறது, பிஸ்டன் ஒன்றுதான் வந்தது. ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் பழையதாகவும் வைத்துக்கொண்டு வலப்பனைப் பக்கம் இறங்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வலது கலிப்பரைத் திறந்து பிஸ்டன் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொழும்புக்கு அடுத்த கோல் எடுக்க வேண்டும்.