நைச்சியம்

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஒருவனை "நைச்சியமாப் பேசுவான்" என்றால், அவனிடம் ஜாக்கிரதை என்று அர்த்தம். சிநேகிதன்போல் குழைந்து காரியத்தை முடித்துக்கொள்கிறவன்.

சொல்லின் அடி நீசம். வைஷ்ணவ வியாக்கியானக்காரர்கள் இதை வேறு பொருளில் புழங்கினார்கள். பக்தன் தன் தாழ்வை எண்ணிப் பேசுவது நைச்சியானுசந்தானம். திருமங்கையாழ்வாரிடம் அது நிறைய உண்டு. அவர் பாடிய திருமயம் எங்களுக்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர்.

பக்தனின் சொல் எப்படித் தரகனிடம் வந்தது? கடவுளை ஏமாற்ற முடியாது, மனிதனை முடியும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. திருவாய்மொழி முதற்பத்தின் ஐந்தாம் திருவாய்மொழிக்கு வியாக்கியானங்கள் சொல்லும் விளக்கம் வேறொன்றைக் காட்டுகிறது. நம்மாழ்வார் தன் நீசத்தன்மையை நினைத்து, தான் கிட்டே போனால் அவனுக்கு இழுக்கு என்று விலகப் பார்க்கிறார். அங்கே நைச்சியம் பின்வாங்கும் காலடி. நம்முடையது நெருங்குகிற காலடி.

தொண்டைமான்கள் தங்களை ஸ்ரீ பிரகதாம்பாள் தாஸ் என்று சொல்லிக்கொண்டவர்கள். திருக்கோகர்ணத்து அம்மனுக்கு ராஜா அடிமை; அந்த அடிமைக்கு மனு எழுதியவர்கள் குடிகள். 1948இல் சமஸ்தானம் போயிற்று. மனு போகவில்லை. உரிமையாகக் கேட்க முடியாத இடத்தில் கேட்கிறவன் குழைகிறான். குழைந்தால் நைச்சியம் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் சிரிப்பார்கள், குழையாவிட்டால் திமிர். திருக்குறள் பொருட்பாலில் கூடாநட்புக்கு ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. அதுவும் வணங்கப்படுகிறவனுக்குச் சொன்ன எச்சரிக்கைதான் என்று எனக்குப் படுகிறது. வணங்குகிறவன் பக்கத்திலிருந்து யாரும் எழுதி வைக்கவில்லை போலும்.

அம்மாவின் பென்ஷனுக்காக ஓர் அலுவலகத்தில் நின்றபோது, "அய்யா இல்லைன்னா எங்களுக்கு யாரு" என்றேன். வாய் கூசவில்லை, பழகிய வாய். மூன்றாம் நாள் காகிதம் நகர்ந்தது.

அதே வாரம் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்பைப் படித்தேன். பிடிக்கவில்லை. "நன்றாக வந்திருக்கிறது" என்று கடிதம் எழுதினேன். அவரிடம் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மேஜைமுன் குழைந்ததற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு இல்லை. அங்கே தாழ்ந்தது நான். இங்கே, உண்மையைத் தாங்கமாட்டார் என்று நானாக முடிவுகட்டி, அவரைத் தாழ்த்திவிட்டேன்.

அடுத்த தொகுப்புக்கு முன்னுரை கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.