சொல்லாமற்போன 47 ஆணிகள்



"சொல்லவேணுமென்றுதான் இருந்தேன், மறந்துபோனேன்" என்கிற வார்த்தை நம்முடைய வீடுகளில் அடிக்கடி கேட்கிற வார்த்தை. சொல்லுகிறவர் அதை ஒரு குற்றமாக எண்ணுகிறதில்லை. கேட்கிறவரும் சற்று முகத்தைச் சுளித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இந்தச் சின்னத் தவறுக்குள்ளே எவ்வளவு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கக்கூடுமென்று காட்டும் உண்மைச் சம்பவம் ஒன்றை இந்த ஞாயிறன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்க தேசத்தில், டெக்சாஸ் மாநிலத்தில், 1991-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி காலையில், லரேடோ என்னும் ஊரிலிருந்து ஹூஸ்டன் நகரத்துக்கு வந்துகொண்டிருந்த காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று, ஈகிள் லேக் என்ற ஊருக்கருகே வானத்திலேயே உடைந்து விழுந்தது. பிரயாணிகள் 11 பேர், சிப்பந்திகள் 3 பேர், ஆக 14 பேரும் மாண்டுபோனார்கள்.

புயலில்லை, எதிரியின் சதியுமில்லை. காரணம் முந்தின இரவிலே ஹூஸ்டன் விமானக் கொட்டகையில் இருந்தது. விமானத்தின் வால் சிறகிலே பனிக்கட்டி படியாதபடி காக்கிற ரப்பர் உறைகளை அன்று மாற்றவேண்டியிருந்தது. மாலை ஷிப்டு மெக்கானிக்குகள் வலது பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அவர்களுக்கு ஒத்தாசையாக மேலே ஏறின இன்ஸ்பெக்டர், இடது பக்கத்து மேல் வரிசையில் இருந்த 47 ஸ்குரு ஆணிகளையும் கழற்றிவைத்தார். அதற்குள் ஷிப்டு மாறியது. இடது பக்கத்து ஆணிகள் கழன்றிருக்கிற செய்தி, இரவில் வந்து வேலையை முடித்தவர்களுக்குச் சரியாய்ப் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டைப் பார்த்த சமயத்தில், அதிலே அந்த ஆணிகளைப்பற்றி ஒரு வரியும் இல்லை. வலது பக்கத்து வேலை முடிந்தது. இடது பக்கம் தொடப்படவேயில்லை என்று நினைத்து விமானத்தை அனுப்பிவிட்டார்கள். வால் சிறகோ உயரத்தில் இருக்கிறது. கீழே நிற்கிறவன் கண்ணுக்கு அதன் மேற்பக்கம் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விமானம் அன்று காலையில் ஒரு முறை பத்திரமாய்ப் பறந்து இறங்கவும் செய்தது. கீழ் வரிசை ஆணிகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் பிரயாணத்தில்தான் சிறகின் முன்விளிம்பு பிய்ந்துபோயிற்று.

அன்பான குடும்பத்தாரே, அந்தக் கொட்டகையில் யாராவது கொலை செய்ய நினைத்தார்களா? இல்லை. ஒருவர் உதவி செய்யத்தானே ஏறினார்! ஆனால் நல்ல மனது மட்டும் போதாது. செய்ததைச் செய்தேனென்றும், முடியாததை முடியவில்லையென்றும், அறியவேண்டியவருக்குத் தெரியும்படி சொல்லுவதும் பிறர்சிநேகக் கடமையே. பாவம் என்றால் செய்த பொல்லாப்பு மட்டுமல்ல, செய்யாமல் விட்ட கடமையும் பாவமாகலாம். பூசையின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு நாம் சொல்லுகிற மன்றாட்டிலே இதையும் சேர்த்துத்தானே அறிக்கையிடுகிறோம்?

கானாவூர்க் கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். திராட்சை ரசம் குறைந்துபோனதைக் கண்ட தேவமாதா, "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று சும்மா இருந்துவிடவில்லை. குறையைத் தீர்க்கக்கூடிய தம் திருக்குமாரனிடத்தில் போய் அதைத் தெளிவாய்ச் சொன்னார்கள். பிறகு வேலைக்காரரிடத்தில் வந்து, அவர் சொல்வதையெல்லாம் செய்யும்படி ஏவினார்கள். சுருக்கமான இரண்டு வார்த்தைகள். ஆயினும் சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டிய நேரத்தில் சொன்னபடியால் ஒரு குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது.

நம்முடைய வீடுகளில் கழன்றிருக்கிற ஆணிகள் எத்தனை! கணவன் வாங்கின கடன் மனைவிக்குத் தெரியாது. தாயாருக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று அண்ணன் தம்பியைக் கேட்பதில்லை. அவன் கொடுத்திருப்பானென்று இவனும், இவன் கொடுத்திருப்பானென்று அவனும் இருந்துவிடுகிறார்கள். மாமியாரின் மனவருத்தம் மருமகளைத் தவிரத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனிடத்தில் தனிமையாய்ப் போய்ச் சொல்லும்படி நம் ஆண்டவர் கற்பித்திருக்க, நாமோ அவனிடம் மட்டும் சொல்லாமல் விடுகிறோம்! "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பீர்கள். அந்த விமானமும் ஒரு முறை பறக்கத்தான் செய்தது.

ஆத்தும காரியத்திலும் அப்படியே. வெட்கத்தினால் ஒரு சாவான பாவத்தை வேண்டுமென்று மறைத்துவிட்டு, மற்றவைகளையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன், வலது பக்கத்தை அழகாய் முடித்து இடது பக்கத்தை மறைத்துவைக்கிறான். கீழே நிற்கிற மனிதர் கண்ணுக்கு அது தெரியாது; மேலிருந்து பார்க்கிற சர்வேசுரனுக்குத் தெரியும். ஆகையால் பயப்படாமல் சொல்லுங்கள். அவர் தண்டிக்கக் காத்திருக்கிற எஜமானர் அல்ல, இரக்கமுள்ள தகப்பன்.

அன்றியும், சொல்லுகிறவன் கடமை ஒருபுறமிருக்க, கேட்கிறவனுக்கும் கடமையுண்டு. உண்மையைச் சொன்ன பிள்ளையை அடித்து நொறுக்குகிற வீட்டில், மறுமுறை பிள்ளை வாய் திறக்காது. பொறுமையாய்க் கேளுங்கள், விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள்.

இன்றிரவு குடும்பச் செபமாலைக்கு முழந்தாளிடுமுன், ஒவ்வொருவரும் தாம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு காரியத்தை அறியவேண்டியவரிடத்தில் சொல்லிவிடக் கடவோம். அந்த 14 பேருடைய ஆத்துமங்களுக்காகவும், அவர்களை இழந்த குடும்பங்களுக்காகவும், இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்கிற தொழிலாளர் அனைவருக்காகவும் ஒரு பத்துமணி வேண்டிக்கொள்வோமாக.

ஆமென்.