பெயர்தலும் தங்குதலும்

கோதையாற்றைத் தடுத்துப் பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதன் நீரால் நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைகின்றன. நீர்த்தேக்கத்தை அடுத்த காடுகளில் வாழும் காணி மக்களுட் சிலரோ இன்றும் படகேறியே வெளியுலகை அடைகின்றனர். இவர்கள் குலசேகரத்திற்கோ, 2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலுக்கோ குடிபெயர்தல் தகுமா?

கல்வியும் மருத்துவமும் நகரில் உள்ளன. நோயுற்ற தாயைப் படகில் ஏற்றிவரும் மகனை நோக்கி, 'காட்டை விடாதே' என்போர் பெரும்பாலும் நகரில் அமர்ந்தே அதனைக் கூறுகின்றனர்!

இழப்பும் சிறிதன்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி பெறும் நிலம் வழிவழியாக மக்களைச் சேரும், விற்றற்கு உரியதன்று. எனவே நகரில் குடியேறுவோன் அதனைப் பொருளாக மாற்றிக் கொண்டுசெல்ல இயலாது. காட்டில் நிலமுடையவன் நகரில் வாடகைக்குடியாகிக் கூலிக்கு நிற்பான்.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திசைவிரதம் ஒன்று. செல்லும் எல்லையை முன்னரே வரையறுத்தல் அது. ஒரே ஊரில் கட்டுண்டு கிடக்க வேண்டுமென்பது அதன் கருத்தன்று. ஆசைக்கு அளவு குறித்தலே கருத்து. மகளின் படிப்பிற்காகப் பெயர்தலும், இரண்டாம் வீட்டிற்காகப் பெயர்தலும் ஒன்றாகா. முன்னதைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் முதிய பெற்றோர் பின்தங்கினால்? வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்களினின்று சென்னை சேர்ந்த நம் குடும்பங்கள் இவ்வினாவை நன்கறியும். ஜினாலய விழாவிற்கேனும் நாம் பேருந்தேறி ஊர் திரும்புகிறோம். காணி இளைஞன் திரும்புதற்குப் படகு வேண்டும். மழைக்காலத்திலும் அது ஓட வேண்டும்.