தேய்வது காரா, நம்பிக்கையா?

புதிய காரைக் கடையிலிருந்து வெளியே ஓட்டி வந்த அன்றே அதன் விலை இறங்கிவிடும் என்று உலகத்தார் கூறுவர். ஒரே நாளில் டயர் தேய்ந்துவிடுமா? எந்திரம் தளர்ந்துவிடுமா? இல்லையெனில் குறைந்தது யாது? இவ்வினா எம் இல்லத்தில் எழுந்து, எம்மைப் பெரிதும் வருத்திய வினாவாகும். ஆதலின் இதனை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

விலை குறைதற்குக் கண்கூடான காரணங்கள் பல. இரும்பில் துரு ஏறுகிறது. உறுப்புகள் உராய்ந்து தேய்கின்றன. வாங்கும்போது செலுத்திய சாலை வரியும் ஜி.எஸ்.டி.யும் விற்கும்போது மீள்வதில்லை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் சோதனை செய்வித்துப் புதுப்பித்தல் வேண்டும். அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றது. அவ்வாறு நின்றுபோன வண்டிகளுக்கு உதிரிப்பாகம் தேடும் தொல்லையும் விலையைக் குறைக்கும். காப்பீட்டுக் கணக்கில் இத்தேய்வுக்கு அட்டவணையே உண்டு. முதல் 6 மாதத்திற்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டு ஆண்டுக்குள் 20 எனக் கழித்துச் சென்று, ஐந்தாம் ஆண்டில் பாதி மதிப்பையே கொள்வர்.

இவை அனைத்தும் பொருளின் மூப்பையும் வரியையும் பற்றியவை. ஆயினும் விலை இறக்கம் முழுவதும் இவற்றுள் அடங்கிவிடுவதில்லை. எஞ்சியதன் காரணத்தை ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2001-இல் அவர் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எந்தக் காரையும் ஐயுற்றுக் குறைத்தே கேட்பார். நல்ல கார் உடையவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். சந்தையில் குறையுள்ளவையே மிகும். ஐயம் மேலும் வளரும். வாங்கிய மறுநாளே விற்க வந்தால், ‘இதில் என்ன கோளாறோ?’ என்றுதானே நாமும் எண்ணுவோம்!

இனி எம் அனுபவத்தைக் கூறுகின்றோம். எம் மகன் 2016-இல் ஒரு கார் வாங்கினான். வெளியூரிலிருந்து வரும் உறவினரை அதிலேற்றிச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்று, அறிவர் கோயில் ஓவியங்களையும் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளையும் பன்முறை காட்டியிருக்கின்றோம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எம் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சூறையாடியபோது, வாசலில் நின்ற வேம்பு முறிந்து காரின் கூரைமேல் விழுந்தது. கூரையை நிமிர்த்தி, வண்ணம் பூசிய பின், பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதனை விற்க முனைந்தோம். “மரம் விழுந்ததைச் சொல்லாதீர்கள், டீச்சரம்மா, 40,000 ரூபாய் போய்விடும்” என்றார் தரகர். இளந்தம்பதியர் இருவர் வந்தனர். “வண்டி எங்கும் அடிபடவில்லையே, அம்மா?” என்று அப்பெண் எம்மை நோக்கியே வினவினாள். தரகர் முந்திக்கொண்டு, “ஒரு கீறல்கூட இல்லை” என்றார். யாம் வாய் திறக்கவில்லை. மறுநாள் முன்பணத்துடன் வருவதாகக் கூறி அவர்கள் சென்றனர்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பல்லாண்டுகட்கு முன் எம் வகுப்பில் ஒரு மாணவன் செய்த தவற்றுக்கு வேறொருவன் தண்டனை பெற்றான். உண்மை வெளிப்பட்டபோது, “நான் பொய் சொல்லவில்லை டீச்சர், சும்மாதான் இருந்தேன்” என்றான் முதல்வன். சும்மா இருந்ததும் பொய்தான் என்று அவனுக்கு யாம் பாடம் நடத்தினோம். பொய்யாமை அணுவிரதத்தை அவனுக்கு ஓதிய வாய் அன்று எங்கே போயிற்று?

மறுநாள் தம்பதியரிடம் அனைத்தையும் கூறிப் பழுதுபார்த்த ரசீதையும் காட்டினோம். அவர்கள் மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து ஆராய்ந்து, 30,000 ரூபாய் குறைத்து வாங்கிச் சென்றனர். எம் மகன் சில நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. “உங்கள் மனநிறைவுக்கு என் பணமா?” என்றான். நியாயமான கேள்வியே. யாம் நெடிது சிந்தித்துக் கூறிய விடை இது: அந்த 30,000 ரூபாய் நம்முடையது அன்று. அவர்களின் அறியாமையிலிருந்து எடுக்க இருந்த பணம் அது. அவன் இதனை முழுதும் ஏற்றான் என்று சொல்வதற்கில்லை.

ஒருவர் மறைக்கும் குறை, வாங்குபவரை மட்டும் வஞ்சிப்பதில்லை. அடுத்து உண்மை பேச வருபவரின் சொல்லையும் அது விலையற்றதாக்குகிறது. இல்லறத்தார் பொருளை விற்கும்போது பழுதுபார்த்த ரசீதுகளைச் சேர்த்தே கொடுக்கட்டும். கேட்குமுன்னரே குறையைக் கூறட்டும். மூப்பினால் வரும் தேய்வை எவராலும் தடுத்தல் இயலாது. ஐயத்தால் வரும் தேய்வையேனும் நம் நாவினால் தடுப்போமாக.