படைவீரர் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

வேலூரும் திருவண்ணாமலையும் 1989 வரை வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தவை. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பி வரும் மண் இது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலில் இருப்பதால், பென்ஷனுக்கும் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் மனுவோடு வரும் முன்னாள் படைவீரர்களையும் அவர்தம் மனைவியரையும் நாம் காண்கிறோம். அப்போது ஒரு கேள்வி எழுகிறது. நாட்டைக் காக்கச் சென்றவர், தகப்பன் என்ற பொறுப்பிலிருந்து விடுபட்டு விடுகிறாரா? அவர் இல்லாத நாட்களுக்கு அந்தக் குழந்தையிடம் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அமைதிப் பகுதியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். எல்லையோரக் களப்பணியில் அதற்கு வழியில்லை. பிள்ளை நடை பழகியதையும் மழலை பேசியதையும் தகப்பன் செல்போனில் பார்க்கிறார். லீவில் வந்தவரைக் கண்டு குழந்தை தாயின் முந்தானைக்குள் ஒளிகிறது. அது பழகிச் சிரிக்கத் தொடங்கும் வேளையில், பெட்டி கட்டும் நாள் வந்துவிடுகிறது.

‘சம்பளம் வருகிறது, பென்ஷன் உண்டு, ஊரில் மரியாதையும் உண்டு; இன்னும் என்ன வேண்டும்?’ என்று கேட்போர் உளர். ஜீவனாம்சம் கொடுப்பது ஒரு கடமை. பிள்ளையை அருகிருந்து வளர்ப்பது மற்றொரு கடமை. ஒன்றை நிறைவேற்றியதால் மற்றொன்று தீர்ந்துவிடாது. அமெரிக்கப் படைவீரர்களின் பிள்ளைகளைப் பற்றி 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோர் பிரிந்திருந்த மாதங்கள் கூடக்கூடப் பிள்ளைகளின் தொல்லைகளும் கூடின என்றது. வீட்டில் இருப்பவரின் மனநிலை நலிந்தால் பிள்ளையும் நலிகிறது என்றும் அது காட்டிற்று.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்பக் கேட்டார்கள். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். பின்னர், படைவீரரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நிறுத்தி வைக்கலாகாது என்று உத்தரவிட்டார்கள். அக்காலம் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ‘உன் கணவன் உயர்ந்த பணியில் இருக்கிறான், பொறுத்துக்கொள்’ என்று சொல்லி அவர்கள் கடந்துவிடவில்லை. அனுப்பியவருக்கும் பொறுப்புண்டு என்பதே இதில் நமக்குள்ள படிப்பினை.

வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளிலும் நம் சமுதாயம் இந்தப் பிரிவை அறியும். ஆனால் துபாயில் இருப்பவர், மனம் பொறுக்காவிட்டால் நஷ்டப்பட்டாவது வேலையை விட்டு வரலாம். சிப்பாய் அப்படி வந்துவிட முடியாது. நாம் நிம்மதியாக உறங்குவதற்காக அவர் தம் சுதந்திரத்தையே ஒப்படைத்திருக்கிறார். ஆகவே அவரால் செய்ய இயலாமல் போன பங்கு நம்மீது கடனாக விழுகிறது.

ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பிள்ளைகளை அணைத்துக் கண்ணீர் வடித்தார்கள். அவ்வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பிள்ளைகளுக்குத் தாமே பொறுப்பாளர் என்றும் அறிவித்தார்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் மாண்ட 10 வீரர்களில் நால்வர் தமிழ்நாட்டார். அவர்களில் ஒருவர் வேலூர் மாவட்டத்துக்காரர். இப்படி ஒரு பெட்டி வந்து இறங்கும் நாளில் ஊரே திரள்கிறது. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் ஆண்டிலும் நாம் அந்த வாசலுக்குப் போகிறோமா?

உயிரோடிருக்கும் தகப்பன்மாரும் ஒன்றைக் கருத வேண்டும். லீவு நாட்களில் வீட்டைப் பாரக்காக ஆக்கலாகாது. உத்தரவிடுவதற்கு முன் பிள்ளை பேசக் கேட்க வேண்டும். தாய்மாரும் ‘அத்தா வரட்டும், சொல்கிறேன்’ என்று மிரட்டி, வராத தகப்பனைப் பூச்சாண்டியாக்கக் கூடாது. மாமனும் சாச்சாவும் அந்தச் சிறுவனைக் கைப்பிடித்து ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்லலாம். பள்ளிக்கூடத்துக்குச் சென்று அவன் படிப்பை விசாரிக்கலாம். பக்கத்து வீட்டார் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாரின் ஹக்கு ஒன்றுதான்.

தகப்பனின் பொறுப்பு தூரத்தால் அழிவதில்லை. அவர் கை எட்டாத இடத்தில் அதைத் தாங்க நம் கைகளை நீட்டுவோமாக. அல்லாஹ் அதற்கு நமக்குத் தௌஃபீக் செய்வானாக, ஆமீன்.