பொற்கிழிக் கணக்கு

(ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதத்தில் நிகழ்த்திய மாலைச் சொற்பொழிவு)



நம் பக்கத்துக் களத்துமேட்டில் நெல்லை மரக்கால் போட்டு அளக்கிறவர், முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டும்போது ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டார். ‘லாபம்’ என்று குரலை நீட்டிச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் ‘ரெண்டு, மூணு’ என்று எண்ணிக்கொண்டு போவார் என்பதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். விற்கிறவனுக்கு லாபமா, வாங்குகிறவனுக்கு லாபமா, அளக்கிற அவருக்கே லாபமா என்று அந்த இடத்தில் ஒருவரும் விசாரிப்பதில்லை. எண்ணிக்கையின் ஆரம்பத்தில் ஒரு மங்களச் சொல் நிற்க வேண்டும் என்பது முன்னோர் அபிப்பிராயம்; நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சொல்லை மங்களம் என்று தலையில் வைத்துக்கொண்ட அதே ஜனங்கள்தாம், ‘அவன் லாபம் இல்லாமல் ஒரு வாசற்படி மிதிக்கமாட்டான்’ என்று ஒருவனை வைவதற்கும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷில் கணக்குப் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் ‘பிராபிட்’ என்கிறார்கள். அதிலும் கிராஸ் பிராபிட் என்று ஒன்று, நெட் பிராபிட் என்று ஒன்று. வந்ததில் எல்லாச் செலவும் போக மிஞ்சுவதே மெய்யான லாபம் என்கிறார் ஆடிட்டர். அவர் சொல்வது சாஸ்திரத்துக்கு விரோதமில்லை. எந்தெந்தச் செலவைக் கழிக்க வேண்டும் என்பதில்தான் சாஸ்திரத்துக்கும் ஆடிட்டருக்கும் அபிப்பிராய பேதம்.

நேற்றுச் சொற்பொழிவு முடிந்து இறங்கும்போது, பேண்டேஜ் துணி வியாபாரம் செய்கிற ஓர் அன்பர் என்னை நிறுத்தி, “சாமி, தப்பா நினைக்கக் கூடாது, வருஷம் பூரா ஆண்டாளைச் சேவிக்கிறேன், என்ன லாபம்னு வீட்டில கேக்குறாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியலை” என்றார். வீட்டில் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னது ஒரு மரியாதைக்காக. கேட்டது அவருடைய மனசுதான். தப்பாக நினைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் இந்த க்ஷேத்திரத்தின் சரித்திரமே ஒருவர் அதே கேள்வியைக் கேட்டதிலிருந்துதான் தொடங்குகிறது. கேட்டவர் பாண்டிய மன்னர்.

மதுரையில் வல்லபதேவன் என்னும் பாண்டியன் இரவில் மாறுவேடம் பூண்டு நகர சோதனைக்குப் போனபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த யாத்திரிகரான பிராம்மணரை எழுப்பி, நல்ல வார்த்தை ஏதாவது சொல்லும்படி கேட்டதாகவும், அவர், மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்ற மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இந்த ஜன்மத்திலும் தேடிக்கொள்ள வேண்டும் என்ற கருத்துள்ள ஒரு சுலோகத்தைச் சொன்னதாகவும் குருபரம்பரை கூறுகிறது. அரசனுக்கு முதல் மூன்றில் குறையில்லை; களஞ்சியம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலாவது கணக்கில் மட்டும் ஒரு காசுகூட வரவு இல்லை என்பது அந்த நடுநிசியில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் செல்வநம்பி என்னும் புரோகிதரை அழைத்து வழி கேட்டான். வித்துவான்களைக் கூட்டி வேதாந்த விசாரம் செய்து, பரதத்துவம் இன்னதென்று நிர்ணயம் பண்ணினால் பேற்றுக்கு வழி பிறக்கும் என்று அவர் சொல்ல, வெல்கிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கம்பத்தில் பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மறுமையைப் பற்றிய விசாரத்துக்கும் ஒரு விலையைக் கட்டினால்தான் ஆள் வரும் என்று அரசாங்கம் நினைத்தது. அரசாங்கங்கள் எந்தக் காலத்திலும் அப்படித்தான் நினைக்கும்.

அந்தச் சமயத்தில் இந்த ஊரில் விஷ்ணுசித்தர் என்று ஒருவர் நந்தவனம் போட்டு, துளசியும் பூவும் பறித்து, இவ்வூர்ப் பெருமாளான வடபத்ரசாயிக்கு மாலை கட்டிச் சாத்திக்கொண்டிருந்தார். ‘மதுரைக்குப் போய்க் கிழியை அறுத்துக்கொண்டு வாரும்’ என்று பெருமாள் ஸ்வப்னத்தில் நியமித்தபோது, மண்கொத்தி பிடித்துக் காய்த்த கையைக் காட்டி, சாஸ்திரம் படியாத எனக்கு வாதம் ஏது என்று அவர் தயங்கினார். போனார், பேசினார், கம்பம் வளைந்து கிழி அவருக்கு முன்னே தாழ்ந்தது. அரசன் அவரைப் பட்டத்து யானையின்மேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான்.

இனி நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீதி நிறைய ஜனம், கையில் பொற்கிழி, பின்னால் அரசன். தான் பெற்ற பிள்ளைக்கு நடக்கும் ஊர்வலத்தைக் காண வரும் தகப்பனைப்போல, எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் ஆகாயத்தில் காட்சி கொடுக்கிறார். வாழ்நாளெல்லாம் ஒருவன் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டுவிடக்கூடிய முகூர்த்தம் அது. ஆழ்வாரோ, காலத்துக்கு உட்பட்ட இந்தப் பூலோகத்தில், இத்தனை கண்கள் பார்க்கிற நடுவீதியில், இப்படி ஓர் அழகு வெளிப்பட்டு நிற்கிறதே, அதற்கு ஏதாவது தீங்கு வந்துவிடுமோ என்று பயந்துபோய், யானையின் கழுத்து மணிகளையே தாளமாகப் பிடித்துக்கொண்டு, பெருமாளுக்குப் ‘பல்லாண்டு’ பாடினார். காக்கிறவனுக்குக் காப்பிடுவது தர்க்கத்துக்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரியாதா? சற்று முன்புதான் சபையில் தர்க்கத்தில் ஜயித்துவிட்டு வந்தவர் அவர். வாங்குகிற இடத்தில் கொடுக்கத் தோன்றிய அந்த ஒரு க்ஷணத்துக்காகத்தான், மற்ற ஆழ்வார்களைவிட வயதில் மூத்தவர் என்பதால் அல்லாமல், பரிவினால் அவர் ‘பெரியாழ்வார்’ ஆனார்.

பொன் என்ன ஆயிற்று? அதைக் கொண்டுவந்து வடபத்ரசாயிக்கே சமர்ப்பித்தார் என்றும், இந்தப் பதினொரு நிலைக் கோபுரம் அதிலிருந்து எழுந்தது என்றும் நம் ஊர் வழக்கு. 1949-இல் சென்னை ராஜ்யத்துக்கு முத்திரை தேர்ந்தெடுத்தபோது இந்தக் கோபுரமே அதில் ஏறியது. ஆகையால் வணிகவரி அலுவலகத்திலிருந்து உங்களுக்கு வரும் நோட்டீஸின் தலைப்பிலும் ஆழ்வாருடைய கிழிதான் நிற்கிறது. நோட்டீஸைப் பிரிக்கும்போது அதையும் ஒருதரம் சேவித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, லாபம் சம்பாதிப்பதே குற்றம் என்று சுவாமி சொன்னார் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடக் கூடாது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தபோது லாபம் வேண்டாம் என்று நினைத்திருந்தால், மலையடிவாரத்து இந்தப் பிரதேசத்தில் எத்தனையோ அடுப்புகள் எரிந்திரா. வள்ளுவரும் வாணிகத்தை இகழவில்லை. பிறர் பொருளையும் தன் பொருளைப்போலப் பேணிச் செய்வதே வாணிகம் என்று, அதைக் கொண்டுபோய் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். வேறோர் இடத்தில், வரப்போகும் ஆக்கத்தை நினைத்துக் கையிலுள்ள முதலையும் இழக்கிற காரியத்தில் அறிவுடையவர் இறங்கமாட்டார்கள் என்று, பெரிய வியாபாரி பேசுவதைப்போலவே பேசுகிறார். அந்த முதல் எது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். வலைபோல மெல்லிய துணி. அங்குலத்துக்கு இத்தனை இழை என்று பாவுக்கும் ஊடைக்கும் கணக்கு உண்டு. அங்குலத்துக்கு ஓர் இழையைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஓடி முடிந்தபின் நூல் கணக்கில் மட்டும் மிச்சம் தெரியும். அந்தத் துணி போகிற இடம் எது? எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் தெரியாத ஒருவனுடைய ரணத்தின்மேல் போய் உட்காருகிறது. நம் ஊர்ப் பால்கோவாவும் அப்படியே. பசும்பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் அதற்கு வேண்டாம். அடிபிடிக்காமல் சுரண்டிச் சுரண்டிக் கிண்டிக்கொண்டே நிற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பால் சுண்டச் சுண்ட அளவு குறைகிறதே என்று மனம் பொறுக்காமல் மாவைக் கலக்கிறவனும் பெட்டியில் இந்த ஊர்ப் பெயரைத்தான் அச்சடிக்கிறான். ஆண்டாள் பிறந்த ஊரின் பெயரை அவன் செலவழிக்கிறான். அந்தச் செலவை அவனுடைய பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. ஆடிட்டர் கழிக்காமல் விட்டு, சாஸ்திரம் கழிக்கச் சொல்கிற செலவு என்று முன்பு சொன்னேனே, அது இந்த ஜாதியைச் சேர்ந்தது.

1949 முதல் 1952 வரை இந்த ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அதனால் அவருக்கு என்ன லாபம் என்று அந்தக் காலத்திலும் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். புகழைச் சொல்லும் அதிகாரத்தின் முதல் குறளில், கொடுத்துப் பெறுகிற இசையைத் தவிர உயிருக்கு வேறு ஊதியம் கிடையாது என்று வள்ளுவர் முடிவு கட்டிவிட்டபடியால், நான் அதில் சேர்க்க ஒன்றுமில்லை.

இனி தகப்பனாராகிய பெரியாழ்வாரை விட்டு அவர் பெண் ஆண்டாளிடம் வருவோம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஒரு நேர்த்தி செய்துகொள்கிறாள்: நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசில். நேர்த்திக்கடன் நமக்குப் புதிதல்ல. கலியாணம் கூடினால் இது, கேஸ் ஜெயித்தால் இது என்று முதலில் பெருமாள் கொடுக்க வேண்டியதை எழுதி, பிறகு நாம் கொடுப்பதை எழுதுவோம். அதற்கு அடுத்த பாசுரத்தில் ஆண்டாள் எழுதுகிற ஒப்பந்தத்தைப் பாருங்கள். அழகர் இன்றைக்கே வந்து இதையெல்லாம் அமுதுசெய்தால், அதற்கு நன்றியாக, ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுத்து, அதற்கு மேலும் அடிமை செய்வேன் என்கிறாள். கொடுக்கிறவளும் அவளே; பெற்றுக்கொண்டதற்காக மறுபடி கொடுக்கிறவளும் அவளே! வாங்கிக்கொண்டவன் வாங்கியதையே அவள் தன் வரவில் எழுதுகிறாள். இந்தப் பேரேட்டைப் பார்த்து நம்முடைய ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். திருப்பாவையில் இருபத்தெட்டு நாள் பறை வேண்டும், பறை வேண்டும் என்று சொல்லிவந்த பெண்கள், கண்ணன் எடுத்துக்கொடுக்க எழுந்த சமயத்தில், நாங்கள் வந்தது இதற்கா, எந்தப் பிறவியிலும் உனக்கு ஆட்செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். கையில் வந்த சரக்கைத் தள்ளிவிட்டு, கடையிலேயே வேலைக்கு அமர்கிறேன் என்று கேட்கிற வாடிக்கையை எந்த வியாபாரி கண்டிருப்பான்?

பாட்டில் நேர்ந்துகொண்ட அந்த நூறு தடாக்களை, பல தலைமுறை கழித்து உடையவர் ராமாநுஜர் திருமாலிருஞ்சோலைக்குப் போய்ச் சமர்ப்பித்துவிட்டு, இந்த ஊருக்கு வந்தார். தங்கை பட்ட கடனை அண்ணன்தானே அடைப்பான் என்று, ஆண்டாள் எதிரே வந்து ‘நம் கோயில் அண்ணன்’ என்று அவரை அழைத்தாள் என்பது சம்பிரதாயம்.

துணி வியாபாரம் செய்கிற அன்பர் இங்கே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். ஆழ்வாரும் ஆண்டாளும் அப்படி இருக்கட்டும், தறிக்கூலியும் வட்டியும் கட்டுகிற நான் என்ன செய்ய, பெருமாளிடம் வியாபாரத்துக்காக வேண்டிக்கொள்ளக் கூடாதா என்று அவருக்குத் தோன்றும். அவருக்கும் பெரியாழ்வார் இடம் வைத்திருக்கிறார். பெருமாளையே விரும்புகிறவர், ஆத்மாநுபவத்தை மட்டும் விரும்புகிற கைவல்யார்த்தி, செல்வத்தை விரும்புகிற ஐசுவரியார்த்தி என்று மூன்று கூட்டத்தையும் பல்லாண்டு பாட அவர் கூப்பிடுகிறார் என்பது வியாக்கியானக்காரர்களின் விளக்கம். காசுக்காக வந்தவன் என்று ஐசுவரியார்த்தியை அவர் வாசலில் நிறுத்தவில்லை. பன்னிரண்டு பாசுரங்களில் எட்டாவது அவனுடைய வாயால் வருவது. பெருமாள் எனக்கு நெய் விட்ட சோறு கொடுத்தான், வெற்றிலை பாக்குக் கொடுத்தான், கழுத்துக்கும் காதுக்கும் நகை கொடுத்தான், மேலுக்குப் பூசச் சந்தனம் கொடுத்தான் என்று, கடைக்காரன் சிட்டை வாசிப்பதைப்போல ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வருகிறவன், கடைசி இனமாக, இத்தனையும் தந்து என் உயிரையும் வெளுத்துவிட்டான் என்கிறான். அதை அவன் கேட்கவே இல்லை.